சர்வாதிகாரி போன பிறகும் ஆட்கள் கிடைக்காதது ஏன்?

2024 டிசம்பர் 8ஆம் தேதி சிரியாவின் சர்வாதிகாரி பஷார் அல் அசாத் நாட்டை விட்டே ஓடினார். அவருடைய ஆட்சி பிடித்துப் போனவர்களை அடைத்து வைத்த சைத்னாயா சிறையின் பூட்டுகளை மக்கள் உடைக்கும் வீடியோக்கள் அன்றைக்கே நம் ஊர்க் கைபேசிகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. அந்த வாரம் மதுரையில் டீக்கடையில் நின்றாலும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தாலும் ஒரே பேச்சு: “ஆட்சிதான் போயிருச்சுல்ல, இனி எல்லாரும் வீட்டுக்கு வந்துருவாங்க.” சில நாள் கழித்து, “வராதவங்க செத்துப் போயிருப்பாங்க. சர்டிபிகேட்டும் நஷ்டஈடும் கொடுத்தா முடிஞ்சது” என்றார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், “இப்பத்தான் டிஎன்ஏ இருக்கே, ரெண்டு மாசத்துல கண்டுபிடிச்சிரலாம்” என்றார்கள்.

மூன்றுமே நல்ல மனதோடு சொன்னவை. ஆனால் மூன்றும் தவறு. சைத்னாயாவில் பூமிக்கடியில் ரகசிய அறைகள் இருப்பதாக ஒரு செய்தி பரவியது. வெள்ளைத் தலைக்கவசப் படை என்று அழைக்கப்படும் சிரிய மீட்புக் குழுவினர் சுவரையும் தரையையும் உடைத்துப் பார்த்தார்கள். இரண்டே நாளில், அப்படி எந்த அறையும் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். கதவு திறந்தும் ஆள் வரவில்லை. சிரியாவில் காணாமல் போனவர்களின் எண்ணிக்கையோ லட்சத்தைத் தாண்டும். அவர்களைத் தேடுவது எப்படி, அதை யார் எப்படித் தடுக்கிறார்கள் என்பதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

திருவிழாவில் தொலைந்த குழந்தை

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் எத்தனை குழந்தைகள் கை நழுவிப் போகின்றன என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் உதவி மையத்து மைக் விடாமல் அலறிக்கொண்டே இருக்கும்: “மஞ்சச் சட்டை, நீல டவுசர் போட்ட பையன், பேரு கேட்டா முருகன்னு சொல்றான், பெத்தவங்க உடனே வரவும்.” அம்மா அழுதுகொண்டே ஓடி வருவார். அங்கிருக்கும் ஏட்டய்யா ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிள்ளையை ஒப்படைப்பார்.

இது நடக்க மூன்று வேண்டும்: தேடும் ஆள், விவரத்தை எழுதி வைக்கும் நோட்டு, பிள்ளை கிடைக்க வேண்டும் என்று நினைக்கும் அதிகாரி. பிள்ளையை ஒளித்து வைத்திருப்பவரே மைக்கைப் பிடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டும் அவர் கையில். அம்மா போய்க் கேட்டால், “அப்படி ஒரு பிள்ளையே இங்கே வரவில்லை” என்கிறார்.

சட்டத்தில் இதற்கு ‘வலிந்து காணாமலாக்கல்’ என்று பெயர். அரசாங்கத்தின் ஆட்களோ, அரசின் ஆசியோடு இயங்கும் ஆட்களோ ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய், பிடித்ததையே மறுத்து, அவரைச் சட்டத்தின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதுதான் அது. இதற்கெதிரான ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பரில் நிறைவேறி, 2010இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2007இல் கையெழுத்துப் போட்டது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டு சட்டமாக்கும் வேலையை இன்றுவரை முடிக்கவில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு கதவு

வீட்டு ஆளைப் போலீஸ் பிடித்துப் போனதாகச் சந்தேகம் வந்தால், நம் ஊரில் வக்கீல் முதலில் சொல்வது “ஆட்கொணர்வு மனு போடுங்க” என்பதுதான். ‘இந்த ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்து’ என்று போலீஸுக்கு உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் மனு அது. 2004இல் மதுரைக் கிளை வரும்வரை தென்மாவட்டத்துக்காரர்கள் இதற்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. மனுவில் பெரிய அலங்காரம் எதுவும் இருக்காது. ஒரு போட்டோ, கடைசியாகப் பார்த்த தேதி, இடம், யார் கூட்டிப் போனார்கள், எந்த ஸ்டேஷனில் கேட்டு என்ன பதில் வந்தது என்று இவ்வளவுதான். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று அரசைச் சத்தியம் செய்து சொல்ல வைக்கும் காகிதம் இதைவிட வேறில்லை என்பது என் கருத்து.

நெருக்கடி நிலையில் அந்தக் கதவையும் சாத்தினார்கள். 1976 ஏப்ரல் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலை இருக்கும்வரை ஆட்கொணர்வு கேட்க முடியாது என்று 4க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னா. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 1ஆம் தேதி, கேரளத்தில் கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது. அவருடைய அப்பா ஈச்சர வாரியர் ஏறாத படி இல்லை. 1977இல் நெருக்கடி நிலை விலக்கப்பட்ட கையோடு கேரள உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பிடிக்கவே இல்லை என்றது அரசு. பிடித்தார்கள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. முதலமைச்சராகி ஒரு மாதமே ஆன கருணாகரன் பதவி விலகினார். ராஜனின் உடல் மட்டும் கிடைக்கவில்லை. 2006இல் அந்த அப்பா இறக்கும்வரையிலும் கிடைக்கவில்லை.

ஆட்சி மாறியது, நீதிமன்றம் திறந்தது, முதலமைச்சரே விலகினார். ஆனாலும், எங்கே புதைத்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. பதில் தெரிந்த ஆட்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது: காணாமலாக்கல் என்றால் பிடிப்பதும், பிடித்ததை மறுப்பதும் சேர்ந்தது. ஆட்சி விழுந்தால் பிடிப்பது நிற்கும். மறுப்பது அதுபாட்டுக்குத் தொடரும்.

முதலில் காகிதம்

தேடல் மண்வெட்டியோடு தொடங்குவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது அலமாரியில் தொடங்குகிறது.

அர்ஜென்டினாவை எடுத்துக்கொள்வோம். 1976 மார்ச்சிலிருந்து 1983 டிசம்பர்வரை ராணுவ ஆட்சி. அது முடிந்ததும் அமைந்த விசாரணைக் குழு, காணாமலாக்கப்பட்ட 8,961 பேரைப் பெயர் விவரத்தோடு பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. நாட்டின் உண்மை விவரத்தை வெளிக்கொண்டுவர அமைக்கப்படும் இப்படிப்பட்ட குழுவுக்கு ‘உண்மை ஆணைக்குழு’ என்று பெயர். அதற்குப் பெரும்பாலும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது.

போகிற போக்கில் ஜெனரல்கள் இரண்டு வேலை பார்த்துவிட்டுப் போனார்கள். தங்களுக்குத் தாங்களே மன்னிப்புச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். கைது தொடர்பான கோப்புகளை அழிக்க உத்தரவிட்டார்கள்.

ஆனால் எந்த ஆட்சியாலும் எல்லாக் காகிதத்தையும் எரித்துவிட முடியாது. ரகசியக் கோப்பு எரியும். நகராட்சிச் சுடுகாட்டு ரிஜிஸ்டர் யார் கண்ணிலும் படாமல் தப்பிக்கும். அர்ஜென்டினாவின் கோர்தோபா நகரத்துப் பிணவறை ஊழியர்கள் 1980இல் அதிபருக்கே ஒரு புகார்க் கடிதம் எழுதினார்கள். அடையாளம் இல்லாத உடல்கள் வந்து குவிகின்றன, அழுகிய உடல்களோடு பாதுகாப்பில்லாமல் வேலை பார்க்கிறோம், எங்கள் வேலையை ஆபத்தான வேலைப் பட்டியலில் சேருங்கள் என்று கேட்டார்கள். வேலைச் சூழலைப் பற்றிய சாதாரணப் புகார்தான். அதுவே பிற்பாடு கொலைகளுக்குச் சாட்சியாகிவிட்டது.

குவாத்தமாலாவில், அப்படி ஒரு ஆவணக் கிடங்கே இல்லை என்று போலீஸ் பல காலம் சொல்லி வந்தது. 2005இல் தலைநகரில் இருந்த ஒரு போலீஸ் கட்டடத்துக்கு வெடிபொருள் சோதனைக்குப் போனவர்கள் உள்ளே பார்த்தால், ஈரத்தில் நனைந்து, எலி கடித்து, கூரைவரை மூட்டை மூட்டையாகக் காகிதம். ஏறத்தாழ 8 கோடிப் பக்கம். 36 ஆண்டு உள்நாட்டுப் போரில் காணாமல் போன பலரின் கைதுக் குறிப்பு அதற்குள் இருந்தது.

பிறகு மண்

காகிதம் ஓர் இடத்தைக் காட்டினால் அங்கே தோண்ட வேண்டும். இங்கேதான் அவசரம் எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. அர்ஜென்டினாவில் 1984இன் தொடக்கத்தில் புல்டோசரை வைத்தே கல்லறைகளைக் கிளறினார்கள். ஒருவரின் எலும்பு இன்னொருவரோடு கலந்தது. தோட்டாவும் பல்லும் குப்பையோடு போயின.

இதைப் புரிந்துகொள்ள மதுரைக்காரர்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் பக்கத்துக் கீழடியில் குழி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சதுரம் சதுரமாகக் கயிறு கட்டி, கரண்டியாலும் பிரஷ்ஷாலும் ஒவ்வொரு மண் அடுக்காக எடுத்து, ஒவ்வொரு பொருளும் எந்த ஆழத்தில், எந்த மூலையில் கிடைத்தது என்று எழுதுவார்கள். பக்கத்தில் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த எலும்புகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு டிஎன்ஏ ஆய்வுக்குப் போனது செய்திகளில் வந்ததுதான். காணாமலாக்கப்பட்டவர்களைத் தோண்டி எடுப்பதும் இதே முறைதான். அமெரிக்க எலும்பியல் அறிஞர் கிளைட் ஸ்னோ 1984இல் அர்ஜென்டினாவுக்குப் போய், தொல்லியலும் மானுடவியலும் மருத்துவமும் படித்துக்கொண்டிருந்த மாணவர்களைச் சேர்த்துப் பழக்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் அர்ஜென்டினத் தடயவியல் மானுடவியல் குழு. எலும்பைப் பார்த்து வயது, உயரம், ஆணா பெண்ணா, காயம் எப்படிப் பட்டது என்று நீதிமன்றத்துக்குச் சொல்லும் துறைக்குத் தடயவியல் மானுடவியல் என்று பெயர்.

ஒரு வேறுபாடு உண்டு. கொந்தகையில் கிடைத்தவரின் பெயரைக் கேட்டு யாரும் வாசலில் நிற்பதில்லை. இங்கே குழியின் விளிம்பிலேயே அம்மா நிற்கிறார்.

கடைசியில்தான் ரத்தம்

எலும்பில் டிஎன்ஏ கிடைத்தாலும், அது யாருடையது என்று டிஎன்ஏ தானாகச் சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க உறவினரின் ரத்தமோ எச்சிலோ வேண்டும். இதை ஒப்பீட்டு மாதிரி என்பார்கள். எந்த எலும்பை எந்தக் குடும்பத்தோடு ஒப்பிடுவது என்று தெரிய, உயிரோடு இருந்தபோதைய விவரங்களும் வேண்டும்: எந்தப் பல்லை அடைத்தார், எந்தக் கை உடைந்து கூடியது, எவ்வளவு உயரம். அதனால்தான் டிஎன்ஏ இருந்தும் இரண்டு மாதத்தில் முடிவதில்லை.

இதில் அர்ஜென்டினப் பாட்டிமார் செய்ததை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. சிறையில் பிறந்த குழந்தைகளை ராணுவத்தினர் எடுத்துக்கொண்டு, தங்களுக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். சுமார் 500 குழந்தைகள் இருக்கலாம் என்பது பாட்டிமாரின் கணக்கு. பெற்றவர்கள் உயிரோடு இல்லை. ஒப்பிட யாருடைய ரத்தத்தை எடுப்பது? பேரனை, பெற்றோர் இல்லாமலேயே, தாத்தா பாட்டியின் ரத்தத்தை வைத்து உறுதி செய்ய முடியுமா என்று அவர்கள் நாடு நாடாகப் போய் விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். மேரி கிளேர் கிங் உள்ளிட்ட மரபியல் அறிஞர்கள் அதற்கான கணக்கை வகுத்துத் தந்தார்கள். 1987இல் நாட்டின் மரபணு வங்கியே சட்டப்படி உருவானது. 2025 ஜூலைக்குள் 140 பேரப் பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சுருக்கமாக: காகிதம் இடத்தைக் காட்டும், மண் உடலைக் கொடுக்கும், ரத்தம் பெயரைக் கொடுக்கும். மூன்றில் ஒன்று அறுந்தாலும் தேடல் நின்றுவிடும்.

ஊழல் நுழைவது எப்படி

ஊழல் என்றால் கவரில் பணம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பதவியைச் சொந்த லாபத்துக்கோ பாதுகாப்புக்கோ பயன்படுத்துவது எல்லாம் ஊழல்தான்.

சர்வாதிகாரி ஓடினாலும் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்கள் நாற்காலியிலேயே இருக்கிறார்கள். போலீஸ் அதிகாரி, சிறை எழுத்தர், பொய்யாகச் சான்றிதழ் எழுதிய டாக்டர், காணாமல் போனவரின் வீட்டை எழுதி வாங்கிய ஆள். உண்மை வெளியே வந்தால் இவர்களுக்கு வேலையோ சொத்தோ விடுதலையோ போகும். புதிய அரசுக்கு நிர்வாகம் நடத்த இவர்கள் வேண்டும். அப்புறம் என்ன, இரண்டு தரப்பும் பேசி ஒத்துப்போவது எளிது.

அர்ஜென்டினாவில் 1985இல் ஜெனரல்களுக்குத் தண்டனை கிடைத்தது. ராணுவம் முறைத்ததும் 1986இலும் 1987இலும் வழக்குகளை நிறுத்தும் சட்டங்கள் வந்தன. 1989, 1990இல் அதிபர் மெனம் பொது மன்னிப்பும் கொடுத்துவிட்டார். நாடாளுமன்றம் 2003இல் அந்தச் சட்டங்களை ரத்து செய்து, உச்ச நீதிமன்றம் 2005இல் அவை செல்லாது என்று சொல்லும்வரை, தெருவில் எதிரே வருபவர் தன் மகனைச் சித்திரவதை செய்தவராக இருந்தாலும் அம்மா ஒதுங்கித்தான் போக வேண்டும்.

குவாத்தமாலாவில் கதை இன்னும் நேரடியானது. ஊழல் கும்பல்களை விசாரிக்க ஐ.நா. ஆதரவோடு 2007இல் ஓர் ஆணையம் வேலையைத் தொடங்கியது. 2015இல் சுங்கத் துறைக் கொள்ளை ஒன்றை அது வெளியே கொண்டுவர, அதிபர் ஓட்டோ பெரெஸ் மோலினா பதவியிழந்து சிறைக்குப் போனார். அவர் போர்க்காலத்தில் ராணுவ உளவுத் துறையில் இருந்த முன்னாள் ஜெனரல். அடுத்த அதிபர் மீதும் விசாரணை திரும்பியது. அவர் 2019இல் ஆணையத்தையே மூடவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, போலீஸ் ஆவணக் கிடங்கைப் பாதுகாத்து வந்த இயக்குநரையும் பதவியிலிருந்து தூக்கியிருந்தார்கள். பணத்தை விசாரிப்பவரை விரட்டும் கையும், பழைய கோப்பைப் பார்ப்பவரை விரட்டும் கையும் தூரத்தில் இல்லை.

சிலியில் பினோசே 1973 முதல் 1990 வரை ஆண்டார். கறாரான ராணுவ வீரர், கை சுத்தம் என்று அவருடைய ஆதரவாளர்கள் பெருமை பேசினார்கள். 2004இல் அமெரிக்க வங்கியில் பொய்ப் பெயர்களில் அவர் வைத்திருந்த ரகசியக் கணக்குகள் வெளியே வந்தன. உடல்களை மறைப்பதிலும் அந்த ஆட்சி கெட்டிக்காரத்தனம் காட்டியது. 1978இல், புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்து எரிக்கவோ கடலில் போடவோ ரகசிய உத்தரவு போனது. ‘டெலிவிஷன் பெட்டிகளை எடுத்தல்’ என்பது அதற்கு அவர்கள் வைத்த மறைபெயர். அட்டகாமா பாலைவனத்தில் கலாமா ஊர்ப் பெண்கள், 1973இல் கொல்லப்பட்ட தங்கள் ஆண்களை மண்வெட்டியும் சல்லடையுமாகத் தேடினார்கள். 17 ஆண்டு. 1990இல் இடத்தைக் கண்டுபிடித்தபோது அங்கே இருந்தவை எலும்புத் துண்டுகள் மட்டுமே. முன்னமே யந்திரத்தால் வாரிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

இதோடு தகவல் வியாபாரமும் உண்டு. சிரியாவில் “உங்க மகன் உயிரோட இருக்கான், நான் பார்த்தேன்” என்று சொல்லிப் பணம் பறித்த இடைத்தரகர்களிடம் நகை, நிலம் விற்றுக் கொடுத்த குடும்பங்கள் ஏராளம். பணம் வாங்கியவர் பல நேரம் சிறைக்கு வேண்டப்பட்டவர். அந்தக் கோபத்தை எழுத்தில் அடக்க எனக்குத் தெரியவில்லை.

கெட்ட எண்ணம் இல்லாமலும் தவறு நடக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் உள்ள கல்லறையின் 29ஆம் பகுதியில் எடுத்த உடல்களில் 96 பேரை அடையாளம் கண்டு குடும்பங்களிடம் கொடுத்தார்கள். 2006இல் அதில் 48 தவறு என்று தெரிந்தது. அழுது அடக்கம் செய்தவர்கள் மறுபடியும் குழியைத் திறக்க வேண்டியதாயிற்று. சிலியில் காணாமலாக்கப்பட்ட 1,469 பேரில் 307 பேர்தான் அடையாளம் காணப்பட்டிருந்தார்கள். மற்றவர்களைத் தேட அரசே முன்வந்து திட்டம் அறிவித்தது 2023 ஆகஸ்டில்தான். பினோசே போய் அப்போது 33 ஆண்டு.

ஒரு தேடலை முழுதாகப் பார்ப்போம்

அர்ஜென்டினாவில் அசுசேனா விய்யாஃப்ளோர் என்ற அம்மா, காணாமல் போன மகனைத் தேடிப் போன இடத்தில் தன்னைப் போன்ற அம்மாக்களைச் சந்தித்தார். 1977 ஏப்ரல் 30ஆம் தேதி அவர்கள் அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். அண்ணனைத் தேடும் தம்பி என்று சொல்லிக்கொண்டு ஓர் இளைஞன் அவர்களோடு சேர்ந்தான். அவன் கடற்படை அதிகாரி ஆஸ்டிஸ். டிசம்பர் 10ஆம் தேதி அசுசேனாவும் காணாமலாக்கப்பட்டார்.

அந்த மாதமே சில உடல்கள் கடற்கரையில் ஒதுங்கின. உயரத்திலிருந்து விழுந்து கடினமான பொருளில் மோதிய காயம் என்று போலீஸ் டாக்டர் எழுதினார். அது காகிதம். ஹெனரல் லாவாயே என்ற சிற்றூர் இடுகாட்டில் பெயரில்லாமல் புதைத்தார்கள். பல வருடம் கழித்துத் தடயவியல் குழு அந்தப் பதிவுகளைப் பிடித்துக்கொண்டு போய்த் தோண்டியது. அது மண். 2005இல் டிஎன்ஏ பொருந்தியது. எலும்பு முறிவுகளும் டாக்டரின் குறிப்பும் ஒத்துப்போயின, விமானத்திலிருந்து தள்ளியிருக்கிறார்கள். 2011இல் ஆஸ்டிஸுக்கு ஆயுள் தண்டனை.

28 ஆண்டு ஆனது. அந்த டாக்டர் இரண்டு வரி எழுதாமல் விட்டிருந்தால் இன்னும் எவ்வளவு ஆகியிருக்குமோ.

சான்றிதழ் கொடுத்தால் முடிந்ததா?

இந்தியச் சட்டப்படி 7 ஆண்டு ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்ததாக அனுமானிக்கலாம். சாதாரணமாகத் தொலைந்தவர்களுக்கு இது உதவும். ஆனால் அரசே பிடித்துப் போனவருக்கு, ‘இறந்தார்’ என்று குடும்பத்தையே எழுதிக் கொடுக்கச் சொன்னால், கொன்றவர் யார் என்ற கேள்வி அங்கேயே புதைந்துவிடும். வீட்டுப் பட்டா மாற்ற, வங்கிப் பணம் எடுக்க, மனைவிக்கு ஒரு காகிதம் வேண்டியும் இருக்கிறது. இதற்காக அர்ஜென்டினா 1994இல் ‘வலிந்து காணாமலாக்கப்பட்டதால் இல்லாதவர்’ என்று தனி நிலையைச் சட்டத்தில் கொண்டுவந்தது. சொத்துக் காரியம் நடக்கும், இறந்ததாக யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். இலங்கையிலும் 2016இலிருந்து மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, இவரைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் வாங்கலாம்.

இலங்கையில் ஆட்கள் காணாமலாக்கப்பட்டது தேர்தல் நடக்கும் ஆட்சியில். அதைச் சர்வாதிகாரத்துக்குப் பிந்தைய நாடுகளோடு அப்படியே சேர்க்க முடியாது. ஆனால் தேடும் வழி ஒன்றே. யாழ்ப்பாணத்துக்கு அருகே செம்மணியில் உடல்கள் புதைக்கப்பட்டதை 1998இல் ஒரு சிப்பாய் நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த ஆண்டு 15 உடல்கள் கிடைத்தன. 2025இல் அதே பகுதியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றுக்குப் பெயர் கிடைக்க உறவினர் மாதிரி வேண்டும். உறவினர்களோ உலகம் முழுக்கச் சிதறியிருக்கிறார்கள். மதுரையைச் சுற்றி ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் மறுவாழ்வு முகாம்களிலும் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன.

அப்படி யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். காணாமல் போனவரின் முழுப் பெயர், கூப்பிடும் பெயர், உயரம், எடுத்த அல்லது அடைத்த பல், சிறு வயதில் உடைந்த எலும்பு, கடைசியாகப் போட்டிருந்த உடுப்பு, யார் எங்கே பார்த்தார்கள், யார் பிடித்துப் போனதாகச் சொன்னார்கள், எந்த அலுவலகத்தில் எப்போது மனுக் கொடுத்தார்கள். பழைய ரசீதையும் போட்டோவையும் லேமினேட் பண்ணாமல் உறையில் போட்டு வைக்கட்டும். அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதட்டும். மாதிரி எடுக்க முதலில் தேடுவது அவர்களைத்தான். அதிலும் வயதான அம்மாவின் பெயர் முதலில் இருக்கட்டும்.